விருப்பப்படி என்று ஒரு சீல்

கவுண்டரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்களிடம் ஒருவர் கேட்பார்: "வெளி பில்டர் போட்டால் வொறன்ரி போயிடுமோ?" கேட்பவரின் கையில் ஒரு கடதாசிப் பை இருக்கும். பைக்குள் வேறு கொம்பனி செய்த ஒயில் பில்டர் இருக்கும். வாங்கிக்கொண்டு வந்துவிட்டுத்தான் கேட்பார்கள். முதல் கேட்டுவிட்டுப் பிறகு வாங்கிய ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

முதலில் கொழும்பிலும், போர் ஓய்ந்து பாதை திறந்த பிறகு யாழ்ப்பாணக் கிளையிலுமாக, ஒரு கார் கொம்பனியின் சேவிஸ் கவுண்டரில் இருபத்தாறு வருஷம் நின்றவன் நான். இந்தக் கேள்விக்கு எத்தனை தரம் பதில் சொன்னேன் என்று கணக்கில்லை. இப்போது வீட்டில் யாராவது பில்டர் என்று வாய் திறந்தாலே, அது தண்ணீர் பில்டராக இருந்தாலும், எனக்கு அலுப்பு வருகிறது. ஆனாலும் நீங்கள் கேட்டீர்கள் என்பதற்காக எழுதுகிறேன். ஒயில் மாற்றுவது எப்படி, எத்தனை கிலோமீற்றருக்கு ஒருதரம் என்பதெல்லாம் உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். அதை நான் தொடவில்லை.

அந்தக் கேள்விக்கு நான் வழக்கமாகச் சொல்லிவந்த பதில், "போகும்." ஒரு சொல்லில் முடிந்துவிடும். பின்னால் ஐந்து பேர் நிற்கும்போது அதுதான் வசதி. ஆனால் வொறன்ரிக்கு உரிய உத்தரவாதப் புத்தகத்தில் அப்படி இல்லை. வெளி உதிரிப்பாகத்தால் பழுது வந்தால் அந்தப் பழுதுக்குக் கொம்பனி பொறுப்பில்லை என்றுதான் அதில் இருந்தது. வெளி பில்டர் போட்டவரின் கண்ணாடி துடைக்கும் மோட்டார் நின்றுபோனால் அதற்கும் பில்டருக்கும் என்ன சம்பந்தம்? பழுது பில்டரால் வந்ததா என்று முதலில் பார்க்கவேண்டும். பார்ப்பது வேலை. "போகும்" என்பது வேலையில்லாத பதில்.

பெட்டியில் இருக்கும் பெயரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் பழக்கம் எங்களுக்கு மட்டுமில்லை, சனத்துக்கும் இருக்கிறது. அரியாலையில் இருந்து ஒருவர் வருவார். அவருடைய மச்சான் கனடாவில் இருந்து வரும்போது சூட்கேசுக்குள் ஆறு பில்டர் கொண்டுவந்து கொடுத்திருந்தார். எங்கள் கொம்பனியின் பெயர் போட்ட அசல் பில்டர்கள்தான். ஆனால் அதே கொம்பனியின் வேறொரு எஞ்சினுக்கு உரியவை. புரி பொருந்தியதால் திருகியதும் ஏறிவிட்டது. பிறகு ஒவ்வொரு காலையும் ஸ்ரார்ட் பண்ணும்போது எஞ்சின் கடகடவென்று சத்தம் போட, காரைக் கொண்டுவந்தார். பில்டர் பிழை என்றேன்.

"இது ஒறிஜினல், தம்பி. கனடா ஒறிஜினல்," என்றார்.

"ஒறிஜினல்தான் ஐயா. ஆனால் உங்கடை காருக்கு இல்லை."

அவருக்கு என்மேல் கோபம் வந்தது. மச்சானைக் குறை சொன்னதாக எடுத்துக்கொண்டார். எங்கள் றாக்கையில் இருந்த சரியான பில்டரைப் போட்டதும் சத்தம் நின்றது. மீதி ஐந்தையும் என்ன செய்தார் என்று தெரியாது. மச்சானுக்குச் சொல்லியிருக்கமாட்டார் என்பது மட்டும் நிச்சயம்.

அது சிரித்துவிட்டுப் போகக்கூடிய கதை. இனிச் சொல்லப்போவதில் சிரிக்க ஒன்றுமில்லை. பிழையும் என்னுடையது.

டீசலுக்கு ஆட்கள் நாள் கணக்கில் வரிசையில் நின்ற அந்த வருஷம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வாகன இறக்குமதி அதற்கு முதலே நின்றுவிட்டது. பிறகு உதிரிப்பாகங்களும் வராமல் போயின. எங்கள் கிளையில் மாதக்கணக்காக ஒயில் பில்டர் இல்லை. கொழும்பிலும் இல்லை. ஆனால் மாதாந்த அறிக்கையில் "இருப்பில் இல்லை" என்று எழுதினால், ஏன் நேரத்துக்கு ஓடர் போடவில்லை என்று எங்களிடமே கேள்வி வரும். நாட்டிலேயே இல்லாத பொருளுக்கு எங்கே ஓடர் போடுவது? அதைக் கேட்க ஒருவருக்கும் வாயில்லை. ஆகவே வாடிக்கையாளரிடம் வெளியில் வாங்கிக்கொண்டு வரச்சொல்வோம். வாங்கிவந்ததைப் பொருத்துவோம். வேலை விபரம் எழுதும் ஜொப் காட்டில் மட்டும் வேறு மாதிரி எழுதுவோம்.

ஒவ்வொரு காட்டிலும் கையால் எழுதிக் கை உளைந்தது. ஒருநாள் பட்டணத்தில் சீல் செய்யும் கடைக்கு நானே போய் ஒரு றப்பர் சீல் செய்வித்தேன். வசனமும் என்னுடையதுதான். "வாடிக்கையாளரின் விருப்பப்படி வெளி உதிரிப்பாகம் பொருத்தப்பட்டது." அதற்குக் கீழே அவர் கையெழுத்து வைக்க ஒரு கோடு. கிளை முகாமையாளர் பார்த்துவிட்டு நல்ல வேலை அண்ணை என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஊதா மையில் அழகாக விழுந்தது.

எங்கள் ஆட்களைப் பற்றி ஒன்று உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டிலும் இருக்கும். தெரிந்த ஒருவர் ஒரு தாளை நீட்டி, இந்த இடத்தில் ஒரு கையெழுத்து என்று விரலை வைத்தால், வாசிக்கமாட்டார்கள். வாசித்தால் அவரைச் சந்தேகப்பட்டதுபோல் ஆகிவிடும். படிக்காதவர்கள் என்று நினைக்கவேண்டாம். பள்ளிக்கூட அதிபர்கள், லிகிதர்கள், வங்கியில் இருந்து இளைப்பாறியவர்கள், எல்லோரும் விரல் இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். அது எனக்குத் தந்த மரியாதை. அந்த மரியாதைக்கு மேலேதான் நான் சீல் அடித்தேன்.

அப்படிக் கையெழுத்து வைத்தவர்களில் ஒருவர் நீர்வேலி சுகந்தி. நாற்பது வயது இருக்கும். கணவருக்கு வாழைத்தோட்டம். இவர் ஒரு வான் வாங்கி, தானே ஓட்டி, கிளிநொச்சிக்கு அப்பால் படிப்பிக்கும் பதினொரு ஆசிரியர்களைத் தினமும் விடிய ஏற்றிக்கொண்டு போய்ப் பின்னேரம் கொண்டுவந்து விடுவார். இறக்குமதி நிற்பதற்குச் சற்று முன் எங்களிடம் புதிதாக எடுத்த வான். ஐந்து வருஷம் அல்லது ஒரு லட்சம் கிலோமீற்றர், எது முந்துகிறதோ அதுவரைக்கும் வொறன்ரி. சேவிசுக்கு ஒருநாள்கூடப் பிந்தமாட்டார். கையில் ஒரு அப்பியாசக் கொப்பி வைத்திருப்பார். என்ன மாற்றினோம், யார் மாற்றினார்கள், மீற்றர் எவ்வளவு என்று எல்லாம் அதில் எழுதிக்கொள்வார். பில்டர் இல்லை என்று நான் சொன்ன அன்று மூன்று கடை ஏறி இறங்கி, உள்ளதில் நல்லதை வாங்கிக்கொண்டு வந்தார். "இது பறவாயில்லையோ அண்ணை?" என்று கேட்டார். நான் வாங்கிப் பார்த்தேன். எண் சரி, அளவு சரி, பேர் தெரிந்த தயாரிப்பு. பறவாயில்லை என்றேன். சீலை அடித்து விரலை வைத்தேன்.

மூன்று மாதத்துக்குப் பிறகு ஆனையிறவுக்குக் கிட்ட அந்த வானின் ஒயில் விளக்கு எரிந்தது. சுகந்தி ஒரு நிமிஷம்கூட ஓட்டவில்லை. ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தி, ஆசிரியர்களைப் பஸ்சில் ஏற்றிவிட்டு, வானை எங்களிடம் இழுத்துக்கொண்டு வந்தார். எஞ்சினுக்குள் இரும்பில் இரும்பு தேய்ந்த சத்தம். நான் வழக்கப்படி பில்டரைப் படம் எடுத்து, ஜொப் காட்டின் பிரதியுடன் கொழும்பில் வொறன்ரி பார்ப்பவர்களுக்கு அனுப்பினேன். அடுத்த நாளே பதில் வந்தது. வெளி பில்டர், வாடிக்கையாளரின் விருப்பம், கையெழுத்து இருக்கிறது, கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. எஞ்சினைத் திறந்து பார்க்கச் சொல்லி ஒரு வரியும் இல்லை.

சுகந்தி கவுண்டருக்கு வந்தபோது நான் அந்தப் பதிலைச் சொன்னேன். அவர் கத்தவில்லை. கொப்பியைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார். மூன்று மாதத்துக்கு முந்திய திகதியில், வடிவான எழுத்தில், "பில்டர் இல்லை. அண்ணை வெளியில் வாங்கச் சொன்னார்" என்று இருந்தது. பக்கத்தில் கடை ரசீது குத்தியிருந்தது.

"நீங்கள்தானே அண்ணை வாங்கச் சொன்னனீங்கள்?"

"ஓம் பிள்ளை."

"அப்ப அந்தச் சீலிலை என்ன கிடக்கு?"

காட்டை எடுத்து வாசித்துக் காட்டினேன். வேறு வழியில்லை. அவர் கொப்பியை மூடினார்.

"என்ரை விருப்பமோ?" என்று கேட்டார்.

கொழும்போடு கதைத்துப் பார்க்கிறேன் என்று ஏதோ சொன்னேன். போகமுதல் அவர் ஒன்று சொன்னார். அதை நீங்கள் கவனித்து வாசிக்கவேண்டும்.

"திங்கட்கிழமை தவணைப் பரீட்சை தொடங்குது அண்ணை. வான் எப்ப வரும் எண்டு ஒரு திகதி சொன்னியள் எண்டால், ரீச்சர்மார் அதுவரைக்கும் பஸ்சிலை சமாளிப்பினம். எனக்காண்டிப் பொறுக்கிறம் எண்டு சொல்லியிருக்கினம். திகதி இல்லையெண்டால் வேறை வான் பிடிச்சிடுவினம். நான் குறை சொல்லேலாது."

அவருக்கு வேண்டியிருந்தது ஒரு திகதி. அந்தத் திகதியைக் கொடுக்கக்கூடிய ஆள் நான் ஒருவன்தான். பில்டர் எங்களிடம் இல்லை, நான்தான் வாங்கச் சொன்னேன், சீலில் உள்ளது உண்மை இல்லை என்று கொழும்புக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும்.

முகாமையாளரிடம் போனேன். அவர் என்னைவிட இளமை. கெட்டவர் இல்லை. பயந்தவர். கதவைச் சாத்திவிட்டுத்தான் கதைத்தார்.

"ஒரு வானுக்கு எழுதினால், சீல் அடிச்ச மற்றக் காட் எல்லாத்தையும் கேப்பாங்கள். உங்களுக்கு இன்னும் ரெண்டு வருஷம்தானே அண்ணை. ஏன் இதுக்குள்ளை தலையைக் குடுக்கிறியள்?"

அவர் சொன்னது எனக்கு விளங்கியது. விளங்கினதுதான் கஷ்டம். அன்றைக்கு நான் எழுதவில்லை. அடுத்த நாளும் எழுதவில்லை. திங்கட்கிழமை வந்து போனது. சுகந்தி இரண்டு தரம் தொலைபேசியில் எடுத்தார். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாவ அறிக்கை சொல்லும் இடத்தில் என் வாய் எல்லோருடனும் சேர்ந்து அசைந்தது. மனம் ஜொப் காட்டில் நின்றது. வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். இதையும் மறைக்காமல் சொல்கிறேன். மனச்சாட்சி உறுத்தினால் நித்திரை வராது என்று எழுதுகிறார்கள். எனக்கு வந்தது.

ஒன்பதாம் நாள் கொழும்பில் இருந்து ஒரு படிவம் வந்தது. வெளி பில்டர் வாடிக்கையாளரின் சொந்த விருப்பத்தின் பேரிலேயே பொருத்தப்பட்டது என்பதை உறுதிசெய்து கையொப்பம் இடவும், கோப்பை மூடவேண்டும். இந்தமுறை விரலை வைத்துக் காட்டியது அவர்கள். ஆனால் நான் வாசித்துவிட்டேன்.

படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு பட்டறைப் பக்கம் போனேன். பட்டறைக்குப் பொறுப்பான எங்கள் போர்மன் என் வயதுக்காரன். இருவரும் ஒரே வருஷம் கொம்பனியில் சேர்ந்தவர்கள். அவன் அன்று காலையே சுகந்தியைத் தொலைபேசியில் கேட்டு, சம்மதம் வாங்கி, அந்தப் பில்டரைக் கழற்றி வெட்டித் திறந்து வைத்திருந்தான். வாள் பிளேட்டால் வெட்டினால் பிளேட்டின் தூள் உள்ளே விழுந்துவிடும், பிறகு எஞ்சினில் இருந்து வந்த தூள் எது என்று தெரியாது. அதனால் தகரம் வெட்டும் உருளையால் சுற்றி வெட்டியிருந்தான். உள்ளே இருந்த மடிப்புக் கடதாசியை விரித்து, வெள்ளைத் துணியில் வைத்திருந்தான். கடதாசி எங்கும் கிழியவில்லை, அமுங்கவில்லை. மடிப்புக்குள் மினுமினுவென்று இரும்புத் துகள்கள். ஒன்று நகத்தளவு இருந்தது.

"இது பம்பின்ரை பல்லு," என்றான். "பம்ப் உடைஞ்சிருக்கு. ஒயில் பம்பைத் தாண்டித்தானே பில்டருக்கு வரும். பில்டர் பின்னாலை போய்ப் பம்பை உடைக்குமோ?"

நான் அந்தத் துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்தேன்.

"இந்தப் பில்டர் இல்லாமல் இருந்திருந்தால் உந்தத் துண்டு முழுக்க எஞ்சினுக்குள்ளை போயிருக்கும்," என்றான். பிறகு என் கையில் இருந்த படிவத்தைப் பார்த்தான். "எழுதுறியோ, இல்லாட்டி நான் எழுதட்டோ? என்ரை இங்கிலீசிலை எழுதினால் அவங்களுக்கு விளங்காது. பிறகு வானைவிட்டிட்டு உன்னை வேலையாலை நிப்பாட்டிப்போடுவாங்கள்."

சிரித்தேன். சிரித்ததில் கொஞ்சம் தைரியம் வந்தது. அரை மணி நேரத்தில் எழுதி முடித்துவிட்டேன். பில்டர் எத்தனை மாதம் இருப்பில் இல்லை, யார் வெளியில் வாங்கச் சொன்னது, சீலின் வசனம் யாருடையது, அது ஏன் பொய் என்பதையெல்லாம் எழுதி, வெட்டிய பில்டரின் படத்தையும் வைத்து அனுப்பினேன். எஞ்சினைத் திறக்க அனுமதி கேட்டேன். மூன்று நாளில் அனுமதி வந்தது. போர்மன் சொன்னபடியே பம்பில் பல் உடைந்திருந்தது. தயாரிப்புப் பிழை என்று ஏற்றுக்கொண்டு முழுவதையும் வொறன்ரியில் செய்தார்கள். எனக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். ஒரு விளக்கக் கடிதம் கேட்டார்கள். கொடுத்தேன். மற்றக் காட்களை யாரும் கேட்கவே இல்லை. ஒன்பது நாள் நான் பயந்து நடுங்கியது அந்த ஒரு தாளுக்குத்தான்.

திகதி கிடைத்ததும் நானே சுகந்தியை அழைத்துச் சொன்னேன். நல்ல செய்தி சொல்கிறேன் என்ற நினைப்பில் கொஞ்சம் உற்சாகமாகவே சொல்லிவிட்டேன்.

"நன்றி," என்றார். "ரீச்சர்மார் போன புதன்கிழமையே வேறை வானுக்கு மாறிட்டினம். அவையும் எத்தினை நாளைக்குப் பஸ்சிலை தொங்குறது."

நான் எழுதவேண்டிய நாளில் எழுதியிருந்தால், அந்தப் புதன்கிழமைக்கு முதல் அவரிடம் ஒரு திகதி இருந்திருக்கும். இதை நான் பல விதமாகக் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டேன். வேறு விடை வரவில்லை. எஞ்சினைக் காப்பாற்றிக் கொடுத்தேன் என்று கிளையில் சிலர் சொன்னார்கள். காப்பாற்றியது பில்டர். நான் அவருடைய தினசரி ஓட்டத்தை இல்லாமல் செய்தவன். வான் திருத்தி வந்த பிறகு தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போகிறவர்களை ஏற்றி இறக்கினார். அது சில நாள் இருக்கும், சில நாள் இராது. பதினொரு பேரும் திரும்பி வரவில்லை.

அந்தச் சீலை நான் மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன். எறிய மனம் வரவில்லை, அடிக்கவும் மனம் வரவில்லை. அதற்குப் பிறகு ஜொப் காட்டில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். "இருப்பில் இல்லை, நாங்கள் வாங்கச் சொன்னோம்." கேள்வி வந்தது. பதில் எழுதினேன். கை உளைந்தது. நீங்களும் அப்படி எழுதுங்கள். காட்டை வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வையுங்கள். விரலை எடுத்துவிடுங்கள். வாசிக்க வெட்கப்படுகிறவர்களுக்கு நீங்களே வாசித்துக் காட்டுங்கள். பின்னால் நிற்பவர்கள் முறைத்தால் முறைக்கட்டும்.

நான் இளைப்பாறுவதற்குக் கொஞ்ச நாள் முதல் சுகந்தி கடைசியாக என் கவுண்டருக்கு வந்தார். வான் லட்சம் கிலோமீற்றரைத் தாண்டியிருந்தது. வொறன்ரி முடிந்துவிட்டது. கையில் ஒரு கடதாசிப் பை. உள்ளே அதே வெளி பில்டர், அதே தயாரிப்பு. றாக்கை நிறைய எங்கள் பில்டர் வந்து இருந்த நேரம்.

"இப்ப கொம்பனி பில்டர் இருக்கு பிள்ளை," என்றேன்.

"தெரியும். இதிலை பிழையில்லை எண்டு கொழும்புக்கு எழுதினது நீங்கள்தானே?"

ஓம் என்றேன். காட்டை நிரப்பி, அவர் பக்கம் திருப்பி வைத்து, கையை எடுத்துக்கொண்டேன். அவர் வாசிக்கத் தொடங்கினார். நான் எழுதியதை வாசித்தார். கீழே பொடி எழுத்தில் அச்சடித்திருந்த நிபந்தனைகளை வாசித்தார். காட்டைப் புரட்டிப் பின்பக்கம் முழுவதையும் வாசித்தார். பின்னால் மூன்று பேர் நின்றார்கள். ஒருவர் தொண்டையைச் செருமினார். சுகந்தி திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் ஒருவர் என் முகத்துக்கு முன்னால் ஒரு தாளை அப்படி வாசித்தது அதுதான் முதல் தடவை. எனக்கு நன்றாகவே வலித்தது.

வாசித்து முடித்து என்னிடம் பேனையை வாங்கினார். கோட்டுக்கு மேலே, கொப்பியில் எழுதும் அதே வடிவான எழுத்தில், "எனது விருப்பப்படி" என்று தன் கையால் எழுதினார். கையெழுத்து வைத்தார். பேனையை மூடி என் பக்கம் வைத்தார்.

"சரிதானே, சேர்?" என்று கேட்டார்.

இத்தனை வருஷமும் அவர் என்னை அண்ணை என்றுதான் கூப்பிட்டவர்.

"ஓம்," என்றேன்.